தலைமதகும் மழைக் கணக்கும்

மழையை நம்பிப் பயிரிடும் நாட்டில் மழைக் கணக்கும் பணக் கணக்கும் வேறல்ல. மழைமானியைக் காலை 8-30 மணிக்கு அளந்து, முந்திய நாள் 8-30 முதல் பெய்த மழை இவ்வளவு என்று புத்தகத்தில் குறிப்பது இந்திய வானிலைத் துறையில் நிலைபெற்ற வழக்கம். அப்புத்தகத்தில் ஒரு வரி தவறினால் எழுதியவரை விசாரிக்கலாம். அளவுக் குடுவையைக் கொண்டுவரச் சொல்லலாம். பக்கத்து ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். தவறு எங்கே நேர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது அந்நிலை மாறி வருகிறது. தானே அளந்து தானே செய்தி அனுப்பும் மழைமானிகள் பரவி வருகின்றன. வட்டாரந்தோறும் தானியங்கி வானிலை நிலையமும், ஊராட்சிதோறும் தானியங்கி மழைமானியும் அமைப்பதை நோக்கமாகக் கொண்டு, மத்திய விவசாய அமைச்சகம் 2023-ம் வருஷம் ஜூலை மாதத்தில் விண்ட்ஸ் என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2016-ல் திருத்தி அமைக்கப்பட்ட வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நஷ்டஈடு குறிக்கப்பட்ட நிலையத்தின் வானிலைப் பதிவைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. ஒருவருடைய வயலை நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதன்று அது. ஆகவே, மானியிலிருந்து புறப்பட்ட எண் கணக்குப் பேரேட்டை அடையும் வரையில் நடப்பது என்ன என்பதைக் குடியானவரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

மானியின் உயரம், அதன் வேலி, சூரியத் தகடு, கம்பத்தின் உறுதி ஆகியவற்றைப் பற்றி விசாரிப்பவர் பலர். அதன் பதிவை வாங்கிக் கணக்கில் விடும் நிரலைப் பற்றி விசாரிப்பவர் அரியர். மானி எவ்வளவு நேர்த்தியாயினும், பதிவை உள்ளே விடும் அந்தத் தலைமதகு சரியாக எழுதப்படாவிட்டால் கணக்கு கெடும் என்பதும், அப்படிக் கெட்டதை வெளியிலிருந்து பார்ப்பவர் கண்டுகொள்ளவே முடியாது என்பதும் இங்கே வற்புறுத்தப்படுகின்றன.

ஓடும் கணக்கு

பதிவுகளை ஒரு நாள் முழுவதும் சேர்த்துவைத்து இரவில் ஒரே தடவையாகக் கூட்டுவது ஒரு முறை. அவை வந்து சேரச் சேர அப்போதைக்கப்போதே கணக்கிட்டு வருவது மற்றொரு முறை. பின்னதற்கு ஸ்ட்ரீம் பிராஸஸிங் என்று பெயர். குளத்தில் நீரைத் தேக்கிப் பாய்ச்சுவதற்கும் கால்வாயில் ஓடும் நீரை ஓட்டத்திலேயே பங்கிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இவற்றுக்கு உண்டு. இரவு 2 மணிக்குப் பெருமழை பெய்யும்போது, கலங்கல் பலகையை எடுப்பதா வேண்டாமா என்று அப்பொழுதே தீர்மானிக்க வேண்டுமானால் ஓடும் கணக்கே உதவும்.

இவ்வேலைக்காக ஆயத்தமாயுள்ள சட்டகங்களில் அபாச்சி ஃபிளிங்க் என்பது ஒன்று. 2009-ம் வருஷத்தையொட்டிப் பெர்லின் நகரத்துச் சர்வகலாசாலைகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் தோன்றி, 2014-ல் அபாச்சி ஸ்தாபனத்தின் கீழ் வந்தது. ஃபிளிங்க் என்னும் ஜெர்மன் சொல்லுக்குச் சுறுசுறுப்பு என்று பொருள். அதன் சின்னமும் ஓர் அணில். பல கம்ப்யூட்டர்களில் வேலையைப் பகிர்ந்து கொடுத்தல், ஒன்று பழுதானால் மற்றொன்றில் தொடர்தல், மணிவாரி நாள்வாரிக் கூட்டுத்தொகை எடுத்தல் ஆகிய எல்லாவற்றையும் அச்சட்டகமே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பதிவு எங்கிருந்து வருகிறது என்பதை அதற்கு ஒருவர் சொல்லித்தர வேண்டும். அப்படிச் சொல்லித்தரும் பகுதிக்கு ஸோர்ஸ் என்று பெயர். பலரும் உபயோகிக்கும் பொதுவான சேமிப்பிடங்களுக்கு ஆயத்தமான ஸோர்ஸ்கள் கிடைக்கின்றன. மழைமானிகளோ கம்பெனிக்கு ஒரு வகையாக, அவற்றின் பதிவுப் பெட்டியும் செய்தி அமைப்பும் வெவ்வேறாக இருக்கின்றன. அவற்றிற்கு ஸோர்ஸைத் தனியே எழுதியாக வேண்டும். கால்வாயும் மடைகளும் ஆயத்தமாக இருக்க, தலைமதகை மட்டும் அந்தந்த ஊரார் கட்டிக்கொள்வது போன்றது இது.

ஓர் இரவின் கணக்கு

தலைமதகு பிசகினால் நேர்வது என்ன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சாதாரண சாய்வாளி மழைமானியில் இரு சிறு கிண்ணங்கள் துலாப் போல் மாறிமாறிச் சாய்கின்றன. ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டர் மழைக்குச் சமம் என்று கொள்க. ஐப்பசி மாதத்து இரவொன்றில், முந்திய காலை 8-30 முதல் இரவு 3 மணி வரையில் 41.0 மில்லிமீட்டரும், 3 மணி முதல் 3-40 வரையில் 9.4 மில்லிமீட்டரும், 3-40 முதல் காலை 8-30 வரையில் 7.6 மில்லிமீட்டரும் பெய்ததாக வைத்துக்கொண்டால், அந்நாளின் உண்மையான மழை 58.0 மில்லிமீட்டர். 3 மணிக்குச் சட்டகம் தன் கணக்கைப் பத்திரப்படுத்தியது. அடுத்த நிமிஷமே மின்சாரம் அறுந்து கணக்கிடும் கம்ப்யூட்டர் நின்றது. 3-40-க்கு மீண்டும் ஓடத் தொடங்கியது. மானியோ மின்கலத்தின் உதவியால் இடைவிடாமல் அளந்துகொண்டிருந்தது.

முதல் வகையான ஸோர்ஸ், விழித்தெழுந்த நேரம் முதல் வரும் பதிவை மட்டும் வாங்கும். அதற்கு 3 மணிக்கும் 3-40-க்கும் இடையில் மழையே இல்லை. அதன் கணக்கு 48.6. இரண்டாம் வகை, எதுவும் தவறக்கூடாதென்று விழித்தவுடன் கடைசி ஒரு மணி நேரத்துப் பதிவை மீண்டும் வாங்கும். 2-40 முதல் 3 மணி வரை பெய்த 5.2 மில்லிமீட்டர் ஏற்கெனவே 41.0-க்குள் அடங்கியது. அது இரு முறை சேர்ந்து 63.2 ஆகிறது. மூன்றாம் வகை, இந்த மானியில் இன்ன எண்ணுள்ள பதிவு வரை கணக்கில் சேர்ந்தது என்பதை அந்த 41.0-உடன் சேர்த்தே எழுதி வைத்திருக்கும். விழித்தவுடன் அடுத்த எண்ணிலிருந்து கேட்டு வாங்கும். அதன் கணக்கு 58.0.

ஒரே மழை, ஒரே மானி, ஒரே சட்டகம். கணக்கு மட்டும் மூன்று. பெருமழை நஷ்டத்திற்கு 50 மில்லிமீட்டர் எல்லையென்று நிபந்தனை இருந்தால், முதல் வகையால் உரியவருக்கு நஷ்டஈடு கிடைக்காமற் போகும். எல்லை 60 என்றால், இரண்டாம் வகையால் உரிமையில்லாத இடத்தில் பணம் செல்லும். மறுநாள் காலையில் பேரேட்டைத் திறந்து பார்ப்பவருக்கு மூன்று எண்களும் ஒரே மாதிரி அச்சிட்ட எண்களாகவே தோன்றும். எதிலும் அழித்தெழுதிய அடையாளம் இராது. இதுவே இதில் உள்ள அபாயம்.

சட்டகத்தின் வாக்குறுதியும் அதன் எல்லையும்

ஒவ்வொரு பதிவும் ஒரே தடவைதான் கணக்கில் சேரும் என்று இத்தகைய சட்டகங்கள் உறுதி கூறுகின்றன. விற்பவர் அதனை எடுத்துக்காட்டி, மேற்சொன்ன பிசகு நேராது என்பர். அவர் சொல்வது பாதி உண்மை.

சட்டகம் குறித்த இடைவேளைகளில் தன் எல்லாப் பகுதிகளின் நிலையையும் ஒரு சேரப் படம்பிடித்துப் பத்திரப்படுத்துகிறது. இதற்குச் செக்பாயிண்ட் என்று பெயர். ஓடும் வேலையை நிறுத்தாமலேயே, சிதறிக் கிடக்கும் பல கம்ப்யூட்டர்களின் நிலையை ஒன்றுக்கொன்று முரணில்லாதபடி பதிவு செய்யும் வழியைக் கே. மணி சாண்டியும் லெஸ்லி லாம்போர்ட்டும் 1985-ல் வெளியிட்டனர். ஃபிளிங்க் கையாளும் முறை அதை அடியொற்றியது. சாண்டி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 1965-ல் பட்டம் பெற்றவர். ஆகையால் இக்கருவியின் ஆணிவேரில் ஒரு நுனி இந்நாட்டு மண்ணிலும் பதிந்திருக்கிறது எனலாம்.

பழுது நேர்ந்தால் சட்டகம் கடைசிப் படத்தின் நிலைக்குத் திரும்பிச் சென்று அங்கிருந்து மீண்டும் தொடங்கும். தான் திரும்பிச் செல்லும்போது ஸோர்ஸும் அதே இடத்திற்குத் திரும்பி, அதற்குப் பின்வந்த பதிவுகளை மறுபடியும் கொண்டுவரும் என்பது அதன் எதிர்பார்ப்பு. ஸோர்ஸால் அது கூடாதெனில் சட்டகத்தின் வாக்குறுதி அந்த இடத்தில் முடிந்துவிடும். களத்தில் நெல் அளப்பவர் 'லாபம்' என்று தொடங்கி எண்ணிச் செல்கையில் நடுவே எழுந்து போக நேர்ந்தால், எத்தனை மரக்கால் ஆயிற்று என்பதையும், அளந்த நெல் எது, அளக்காத நெல் எது என்பதையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். எண்ணிக்கை மட்டும் நினைவிருந்து குவியல்கள் கலந்துவிட்டால் அந்த எண்ணிக்கையால் பயனில்லை.

தலைமதகின் உறுப்புகள்

நன்றாக எழுதப்பட்ட ஸோர்ஸில் இன்னின்ன உறுப்புகள் இருக்க வேண்டுமென்று ஃபிளிங்க் வகுத்திருக்கிறது. அவற்றின் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கம்ப்யூட்டர்ப் படிப்பு வேண்டியதில்லை.

முதலாவது ஸ்பிளிட். அது வேலையின் ஒரு பங்கு. மழைமானிகளின் விஷயத்தில் ஒரு மானிக்கு ஒரு ஸ்பிளிட் என்று வைப்பது இயற்கையானது. மானியின் பெயரும், அதில் எந்த எண் வரை வாசிக்கப்பட்டது என்பதும் அதனுள் அடங்கும்.

இரண்டாவது ஸ்பிளிட் எனுமரேட்டர். அது தலைமைக் கம்ப்யூட்டரில் ஒன்றே ஒன்றாக இருந்து, எந்த மானியை யார் வாசிப்பது என்று பங்கிடும். புதிய மானி நட்டால் அதையும் பட்டியலிற் சேர்க்கும். வாசிப்பவர்களில் ஒருவர் விழுந்துவிட்டால் அவருடைய பங்கைத் திரும்பப் பெற்று மற்றவருக்குக் கொடுக்கும். பாசனத்தில் முறை வைத்து நீர் விடும் நீர்க்கட்டியின் வேலையே அது.

மூன்றாவது ஸோர்ஸ் ரீடர். அது பல கம்ப்யூட்டர்களில் பலவாக இருந்து பதிவுகளை உண்மையில் வாசிக்கும். பதிவு இல்லாவிட்டால் இல்லையென்று உடனே சொல்லிவிட்டு, வந்தபின் அறிவிக்க வேண்டும் என்பது அதற்கு விதித்த ஒழுங்கு. பதில் சொல்லாத ஒரு மானியின் வாசலில் காத்து நின்றால், அதே ரீடரிடம் உள்ள ஏனைய மானிகளின் பதிவும் தேங்கும். காத்திருக்க வேண்டிய வேலையைத் தனியே ஒரு துணையாளிடம் விடுவதற்கும் சட்டகத்திலேயே ஏற்பாடு உண்டு.

நான்காவது, இவற்றின் நிலையை எழுதிவைக்கவும் மீண்டும் படிக்கவும் உதவும் பகுதி. எழுதும்போது இன்ன பதிப்பு என்ற எண்ணையும் சேர்த்து எழுதும். நிரலை ஆறு மாதம் கழித்துத் திருத்தினாலும் பழைய குறிப்பைப் படிக்க இயல வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இவ்வமைப்பு 2020-ல் வந்தது. அதற்கு முன்னிருந்த ஸோர்ஸ் ஃபங்ஷன் என்னும் முறையில் எல்லாவற்றையும் எழுதுபவரே ஒரு சுழற்சிக்குள் எழுதினார். பதிவை வெளியே விடுவதையும் இடத்தைக் குறிப்பதையும் ஒரே பூட்டுக்குள் செய்ய வேண்டும் என்ற விதியை மறந்தவர்களின் நிரல் பழுதில்லாத நாளெல்லாம் நன்றாக ஓடும். பழுது நேர்ந்த நாளில் கணக்கைப் பிசகாக்கும். 2025-ம் வருஷம் மார்ச்சில் வெளிவந்த ஃபிளிங்கின் 2.0 பதிப்பில் அப்பழைய முறை பொது உபயோகத்திலிருந்து விலக்கப்பட்டது. எனவே, இனிப் புதிதாக எழுதுவோர் பழைய முறையில் எழுதிக் கொடுப்பின் அதை ஏற்பது தகாது. முன்னே எழுதிய நிரல்களைத் திருத்துவதற்கும் காலம் ஒதுக்க வேண்டும்.

பெய்த நேரமும் வந்த நேரமும்

மலையடிவாரத்து மானியொன்றுக்குச் சில மணி நேரம் தொலைபேசிக் கோபுரத்தின் தொடர்பு கிட்டாமற் போவது உண்டு. காலை 7 மணிக்குப் பெய்த மழையின் பதிவு 10 மணிக்கு வந்து சேர்ந்தால், அது எந்த நாளின் மழை? 8-30-க்கு முன் பெய்ததாதலால் முந்திய நாள் மழையே. வந்த நேரத்தைக் கொண்டு கணக்கிடும் நிரல் அதை அடுத்த நாளில் சேர்க்கும். ஒரு நாள் குறைந்தும் மறுநாள் மிகுந்தும் காட்டும். ஆதலால் ஒவ்வொரு பதிவிலும் பெய்த நேரத்தை மானியே முத்திரையிட வேண்டும். ஸோர்ஸ் அந்த நேரத்தையே கொண்டு செல்ல வேண்டும்.

அப்படியாயின் நாள் கணக்கை எப்பொழுது முடிப்பது? இதற்கு வாட்டர்மார்க் என்னும் குறி பயன்படுகிறது. ஏரியின் அளவுக்கல் இவ்வளவு நீர் உண்டென்று காட்டுவது போல, இந்த நேரம் வரையுள்ள பதிவுகள் வந்து சேர்ந்துவிட்டன என்று அது காட்டும். எல்லா மானிகளிலும் பின்தங்கிய மானியின் நேரமே பொதுக்குறியாக நிற்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு மானி செத்துப்போனால் பொதுக்குறியும் அங்கேயே நின்று, வட்டாரம் முழுவதன் கணக்கும் முடியாது கிடக்கும். குறித்த நேரம் பேசாத மானியை ஒதுக்கிவிட்டு மேலே செல்ல வழி உண்டு. ஆனால் ஒதுக்கப்பட்ட மானி பின்னர் உயிர்பெற்றுப் பழைய பதிவுகளை அனுப்பினால், தனியே ஏற்பாடு செய்யாதவிடத்து அவை சத்தமின்றிக் கைவிடப்படும். தாமதப் பதிவுகளைத் தனி ஏட்டில் சேர்த்து, திருத்தக் கணக்கு வெளியிடும்படி கேட்பது கிராம அதிகாரிகளின் பொறுப்பு.

மற்றொரு நுட்பமும் உண்டு. சாய்வு நேர்ந்தால் மட்டும் செய்தி அனுப்பும் மானி, மழையில்லாத நாளிலும் பேசாது. பழுதான நாளிலும் பேசாது. வறட்சிக்குக் காப்பீடு செய்தவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகா. மழை இல்லையென்றால் இல்லையென்று குறித்த இடைவேளையில் சூன்யத்தை அனுப்பும் மானியையே வாங்க வேண்டும். சூன்யமும் ஒரு கணக்கே.

ஆட்சேபங்கள்

இவ்வளவு சிரமம் எதற்கு, நாள் முடிவில் மானியின் மொத்தத்தை ஒரு தடவை வாங்கிக்கொண்டால் போதாதா என்று கேட்பார் உளர். அக்கேள்வி நியாயமானது. நாள் மழை மட்டுமே வேண்டிய இடத்தில் ஓடும் கணக்கு வேண்டியதில்லை. தினம் ஒரு கோப்பு போதும். அத்தகைய இடத்தில் பெரிய சட்டகத்தை விலைக்கு வாங்கி வைப்பது, ஒரு காணி நிலத்துக்கு நீராவி இறைவை யந்திரம் வைப்பதற்கு ஒப்பாகும். வெள்ள எச்சரிக்கைக்கும் மதகு திறப்பதற்கும் இலை ஈரமாயிருக்கும் மணிகளைக் கொண்டு பயிர் நோயை முன்னறிவதற்கும் ஓடும் கணக்கு வேண்டும். வேண்டிய இடத்தில் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

வேறு சிலர், ஸோர்ஸைத் தனியே எழுதாமல், பதிவுகளை முதலில் காஃப்கா போன்ற வரிசைப் பேரேட்டில் விழச்செய்து, அதற்கு ஆயத்தமாயுள்ள ஸோர்ஸைப் பயன்படுத்தலாம் என்பர். இது நல்ல யோசனை. கூடிய இடத்தில் இதையே முதலில் ஆலோசிக்க வேண்டும். லிங்க்ட்இன் கம்பெனியில் தோன்றி 2011-ல் பொதுவில் விடப்பட்ட காஃப்கா, ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையெண் இட்டு, வேறு ஏற்பாடு செய்யாவிடில் 7 நாள் வரை வைத்திருக்கும். வாசித்துவிட்டதனால் அழிக்காது. திரும்பிச் சென்று வாசிக்கலாம். ஆனால் மானிக்கும் அப்பேரேட்டுக்கும் இடையிலுள்ள வழியில் பதிவு தவறினால் பேரேடு அதை அறியாது. தலைமதகு சற்று மேலே தள்ளிப் போயிற்றே ஒழிய, அங்கும் எண் பார்த்து வாங்கும் ஒழுங்கு வேண்டியதே. எம்.க்யூ.டி.டி. என்னும் செய்தி முறையில் வரும் பதிவை இடையில் பேரேடில்லாமல் நேரே சட்டகத்தில் விடுவது அதனினும் ஜாக்கிரதையாகச் செய்யத்தக்கது. அம்முறையில் நடுவிலுள்ள நிலையம் செய்தியைச் சேர்ப்பித்துவிட்டு மறந்துவிடும். பழைய பதிவை எண் சொல்லிக் கேட்டால் கொடுப்பதற்கு அதனிடம் இராது.

மூன்றாவது ஆட்சேபம் செலவைப் பற்றியது. மானி பழைய பதிவுகளை வைத்திருக்க வேண்டுமானால் விலை ஏறும் என்பர். 5 நிமிஷத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளைக்கு 288, முப்பது நாளைக்கு 8,640 பதிவுகள். பதிவு ஒன்றுக்கு 16 பைட் வீதம் 1,38,240 பைட் ஆகிறது. ஒரு சாதாரணக் கைப்பேசிப் புகைப்படம் பிடிக்கும் இடத்தினும் இது மிகக் குறைவு. ஒரு மாதத்துக் கணக்கை மானியே வைத்திருப்பதற்குச் செலவு தடையன்று, கேட்பார் இல்லாமையே தடை. இச்சேமிப்பினால் வேறோர் அனுகூலமும் உண்டு. கீழே கணக்கிடும் வேலை நெருக்கடியால் தாமதப்படும்போது, ஒழுங்கான ஸோர்ஸ் வாங்கும் வேகத்தைத் தானே தணித்துக்கொள்ளும். அதுவரையில் பதிவுகள் மானியில் பத்திரமாகக் காத்திருக்கும்.

ஒரு படி நீரால் சோதனை

மேற்கூறியவற்றை ஏட்டளவில் நம்ப வேண்டியதில்லை. விதையை முளைப்புப் பார்த்து வாங்குவது போல இதையும் சோதித்து வாங்கலாம். வாய் 200 சதுர சென்டிமீட்டர் உள்ள மானியில் 0.2 மில்லிமீட்டர் மழை என்பது 4 மில்லிலிட்டர் நீர். ஆகவே ஒரு லிட்டர் நீர் 250 சாய்வுகளுக்கும் 50 மில்லிமீட்டர் மழைக்கும் சமம்.

மழையில்லாத நாளொன்றில், அடியில் ஊசித்துளையிட்ட பாத்திரத்தின் மூலம் ஒரு லிட்டர் நீரைச் சொட்டுச்சொட்டாக ஒரு மணி நேரத்தில் மானிக்குள் இறங்க விட வேண்டும். விரைவாக ஊற்றினால் சாய்வாளி குறைத்து எண்ணும். அரை லிட்டர் இறங்கியதும், முன்னறிவிப்பின்றிக் கணக்கிடும் கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்ல வேண்டும். நீர் சொட்டுவதை நிறுத்தலாகாது. பத்து நிமிஷம் கழித்து மீண்டும் ஓட்டச் சொல்லிக் கடைசியில் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். ஊற்றிய நீரின் அளவு, மானியின் சொந்த எண்ணிக்கை, பேரேட்டில் ஏறிய தொகை என்பவையே அவை. முதல் இரண்டிற்கும் சில சாய்வுகள் வித்தியாசம் இருக்கலாம், அது மானியைச் சீர்ப்படுத்த வேண்டியதைக் குறிக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு சாய்வுகூட வித்தியாசம் இருத்தலாகாது. குறைந்தால் ஸோர்ஸ் தவறவிட்டது. மிகுந்தால் இருமுறை எண்ணியது. இரண்டுமே ஏற்கத் தகாதவை.

இதே சோதனையை மானியின் தொடர்பை இரண்டு மணி நேரம் துண்டித்தும் ஒரு முறை செய்து பார்ப்பது நலம். பதிவு தாமதமாக வந்தாலும் உரிய நாளில் உரிய மணியில் ஏறுகிறதா என்பது அதனால் விளங்கும். சோதனையின் எண்களை ஊராட்சிப் பதிவேட்டில் தேதியுடன் குறித்து வைத்தால், பின்னால் தகராறு நேருங்காலத்தில் அதுவே சாட்சியாகும்.

முடிவாக

ஊராட்சிகளும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் பாசனச் சங்கங்களும் இத்தகைய கருவிகளுக்கு விலை பேசும்போது நான்கு விஷயங்களை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது அவசியம். மானி ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையெண்ணும் பெய்த நேரமும் இட வேண்டும், மழையில்லாத வேளையில் சூன்யம் அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துப் பதிவையாவது எண் சொல்லிக் கேட்டால் மீண்டும் தர வேண்டும் என்பது முதலாவது. ஸோர்ஸ் தான் வாசித்த இடத்தைக் கணக்கின் செக்பாயிண்டுடன் சேர்த்தே வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. தாமதப் பதிவுகள் கைவிடப்படாமல் தனி ஏட்டில் சேர வேண்டும் என்பது மூன்றாவது. மேற்கண்ட நீர்ச் சோதனையில் தேறிய பின்னரே பணம் கொடுக்கப்படும் என்பது நான்காவது.

கர்ணங்கள் கணக்கெழுதிய காலம் 1980-ம் வருஷத்தோடு தமிழ்நாட்டில் முடிந்தது. ஆனால் எழுதியவர் இன்னார், விட்ட இடம் இது, தொட்ட இடம் இது என்று காட்ட இயலாத கணக்கு செல்லாது என்னும் விதி அவர்களோடு முடியவில்லை. அவ்விதி இப்போது நிரல் எழுதுவோருக்கும் உரியதாகிறது. மழை பெய்வதும் பெய்யாததும் மனிதர் கையில் இல்லை. பெய்ததைப் பெய்தபடி எழுதுவது அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே, அடுத்த பருவமழை தொடங்குவதற்கு முன்பாகத் தங்கள் ஊர் மானியின் கீழ் ஒரு லிட்டர் நீருடன் நிற்பதற்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குவது குடியானவர்களின் கடமையாகும்.